இடது கையால் வந்த அழைப்பு

மாட்டுங்காவில் ஒரு பூஜை சாமான் கடையில் இருபத்தாறு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒருவர் படியேறும்போதே என்ன வாங்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணச் சாமான் வாங்குகிறவர்கள் மூன்று நான்கு பேராக வருவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள். புது ஃப்ளாட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறவர்கள் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர் வாசலிலேயே நிற்பார். எதையும் தொடமாட்டார். கூட வந்தவர்தான் வாய் திறப்பார், அதுவும் மெதுவாக. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பாதிச் சாமானை எடுத்துக் கட்டியிருப்பேன். அவர்களிடம் "வாங்க" என்று சொல்வதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வாங்க" என்றும் சொல்வதில்லை. அதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, நின்று நின்று வந்தது.

எங்கள் முதலாளி பாலக்காட்டுக்காரர். "நோக்கு கண்ணுல எக்ஸ்ரே இருக்குடா" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் என்னை என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே அண்ணன். தாராவியில் சட்டை தைக்கிற ஒரு கார்கானாவில், அதாவது பட்டறையில், கட்டிங் மாஸ்டர். ஐம்பது அறுபது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, கரண்டில் ஓடும் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுகிற வேலை. கோடு ஒரு நூல் தப்பினால் ஐம்பது சட்டையும் போச்சு. அதனால் அந்த மேஜையில் நிற்பவருக்குக் கார்கானாவில் தனி மரியாதை. இருபது தையல்காரர்களும் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். எங்கள் இரண்டு வீடும் ஒரே சந்தில் இருக்கின்றன. நடுவில் நான்கே கதவுகள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகை வைக்க அண்ணனும் மதினியும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நானும் என் வீட்டுக்காரியும் காத்திருந்தோம். கூடப்பிறந்தவனுக்குத் தட்டு, தாம்பூலம் எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தட்டு வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்று, இரண்டு கையாலும் தந்தால் போதும். எங்கள் பக்கத்தில் அது முறை. ஒரு கையால் தரவேண்டி வந்தாலும் வலது கைக்குக் கீழே இடது கையைத் தாங்கிக்கொண்டு தருவோம்.

அண்ணன் ஒரு நாள் மத்தியானம் தனியாக என் கடைக்கு வந்தார். கடையில் நல்ல கூட்டம். முதலாளி கல்லாவில் இருந்தார். அண்ணன் உள்ளே வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடி, வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இடது கையால் பத்திரிகையை நீட்டினார்.

"ஏலே, இந்தா. பாப்பாவுக்குக் கல்யாணம். வந்திருங்க."

அவ்வளவுதான். கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு பெண்மணி அவர் கையிலிருந்து அதை வாங்கி எனக்குக் கடத்தினார். மேலே மஞ்சள் தடவிய முருகன் படம். முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. மாப்பிள்ளை கல்யாண் டவுனில் சொந்த வீடு உள்ளவர் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். பெரிய சம்பந்தம் கிடைத்ததும் தம்பிக்கு இடது கை போதும் என்று ஆகிவிட்டது, அதுவும் என் முதலாளி முன்னால், என்று நினைத்தேன். மனுஷனுடைய கையைப் பார்த்தே மனசைச் சொல்கிறவன் அல்லவா நான்? அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. செம்பூரில் மண்டபம். குர்லாவில் ரயில் மாறினால் அரை மணி நேரம். என் வீட்டுக்காரி முந்தின நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"கேட்டியளா, அது நம்ம கையில வளந்த புள்ள. சித்தப்பன் இல்லாம மணையில உக்காந்தா அதுக்கு எப்படி இருக்கும்?"

"அவருக்கு வேணும்னா ரெண்டு கையால தந்திருப்பாரு."

"ஒங்களுக்குப் புள்ள முக்கியமா, கை முக்கியமா?"

மறுநாள் அவள் மட்டும் போய்விட்டு, கண் வீங்கித் திரும்பி வந்தாள். நான் அன்றைக்குக் கடையில் யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. பதினான்கு மாதம். பெண்கள் இரண்டு பேரும் மட்டும் குழாயடியில் பேசிக்கொள்வார்கள். பேச்சில்லாத வீடுகளுக்கும் ஒரு பாஷை உண்டு. அவர் ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளம்புவார். அந்த நேரத்தில் நான் கதவைச் சாத்தி வைத்திருப்பேன். சந்தில் எதிரே வந்துவிட்டால் அவர் தொண்டையைக் கனைப்பார், நான் போனை எடுத்துப் பார்ப்பேன். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் இறங்கிப்போனதாக அர்த்தம். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் தினம் சாமி கும்பிடுகிறவர்கள்.

இந்த வருஷம் தைக் கிருத்திகை அன்று தாராவியில் எங்கள் ஆட்கள் கும்பிடுகிற முருகன் கோவிலுக்குப் போயிருந்தேன். அண்ணன் வரிசையில் எனக்கு ஐந்தாறு பேர் முன்னால் நின்றார். வழக்கம்போல முதுகைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன். தீபாராதனை முடிந்து பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தார். அண்ணன் இடது கையை நீட்டினார்.

பூசாரி கை அந்தரத்தில் நின்றது. "கை மாத்துங்க" என்று கண்ணாலேயே காட்டினார். அண்ணன் வலது கையைக் கொண்டுவந்து இடது கைக்கு அடியில் வைத்தார். ஆனால் மேலே இருந்தது இடது கைதான். பூசாரி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திருநீற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தார். அண்ணன் அதை வலது உள்ளங்கையில் கொட்டி, இடது விரலாலேயே நெற்றியில் பூசினார். பாதி சட்டையில் விழுந்தது. சட்டை என்றா சொன்னேன்? டீஷர்ட். ஐம்பத்தேழு வயதுவரை சட்டையைத் தவிர வேறு போடாத மனுஷன், சட்டை வெட்டியே பிழைக்கிற மனுஷன், பட்டன் இல்லாத டீஷர்ட் போட்டிருந்தார்.

என் முறைப்பு அங்கேயே நின்றது. என்னை மதிக்காமல் எனக்கு இடது கையால் தருவார், சரி. முருகனிடம் இடது கையை நீட்ட மாட்டார். செத்தாலும் மாட்டார். செவ்வாய்க்கிழமை முட்டை கலந்த பிஸ்கட்கூடத் தொடாத ஆள் அவர். அப்படியென்றால் அந்த வலது கைக்கு என்னவோ ஆகியிருக்கிறது.

வெளியே வந்து கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தேன். காலை அகட்டி அகட்டி வைத்தார், மழைக்காலத்தில் பாசியில் நடப்பது மாதிரி. தரை காய்ந்து கிடந்தது. பதினான்கு மாதமாக இந்த நடையை எதிரே பார்த்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திமிராக நடக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "மதினி ஏதாவது சொன்னாளா, அவரு கை பத்தி?"

"வலது கை விரல்ல வெட்டுப்பட்டிருக்காம். ஸ்பூன்லதான் சாப்பிடுதாராம். அது ஆச்சு ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா ஆறாத வெட்டு என்ன வெட்டு?"

அவள் என்னையே பார்த்தாள். "போங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கோவில் பிரசாதத்தைத் தூக்கு வாளியில் போட்டு என் கையில் தந்தாள்.

நான்கு கதவுகள் தாண்டுவதற்கு அத்தனை நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். இடது கைதான். வலது கை மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது.

"வாங்க தம்பி" என்று மதினி எழுந்தாள்.

"யாரு வந்திருக்கா?" என்று அண்ணன் அவளிடம் கேட்டார். நான் அவருக்கு நேர் எதிரில் நிற்கிறேன்.

"கண்ணு தெரியலயா? ஒங்க தம்பி."

"அப்படியா? எனக்கு ஒரு தம்பி இருந்தான். பாப்பா கல்யாணத்தன்னிக்குத் தேடினோம், கெடைக்கல."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, வலது கைய நீட்டுங்க" என்றேன்.

"எதுக்குல? ஒங் கடையில கை ஜோசியமும் ஆரம்பிச்சாச்சா?"

நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, துண்டை விலக்கி அந்தக் கையை எடுத்தேன். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. என் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இறுக்கிப் பிடிங்க."

அவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "பிடிச்சுக்கிட்டுத்தானல இருக்கேன்."

என் விரலில் ஒன்றுமே தெரியவில்லை. துணி கிடப்பது மாதிரி கிடந்தது அவர் கை. நான் மதினியைப் பார்த்தேன். அவள் வந்து டிவியை அணைத்தாள்.

"எப்பருந்து அண்ணே?"

அணைந்த டிவியைப் பார்த்தபடி சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடியே. மொதல்ல மரத்துச்சு. பொறவு சாக்பீஸ் நழுவ ஆரம்பிச்சுது. பட்டன் போட வரல."

"பத்திரிகை தர வந்தன்னிக்கு?"

"அன்னிக்கு நடுங்கிக்கிட்டு இருந்துது. அதான் பாக்கெட்டுல விட்டேன். நீதான் கையப் பாத்தே எல்லாம் சொல்லிருவியே. ஒங் கண்ணுல பட்டுரக் கூடாதுன்னுதான் உள்ளயே வரல." கொஞ்சம் நிறுத்திவிட்டு மதினியைக் காட்டினார். "இவளக் கூட்டிட்டு ஒன் வீட்டுக்கு வந்தா ரெண்டு கையால தரணும். கீழ விழுந்துட்டா? அது கல்யாணப் பத்திரிகை, ஏலே."

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "நான் திமிருன்னு நெனச்சுட்டேன். இடது கையால தந்தியளே, அதான் வரல."

"அதுக்கா வரல?"

"ஆமா."

"போலே, மூதி" என்றார். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதினிதான் ஓங்கி அழுதாள். அது எங்கள் இரண்டு பேரையும் நினைத்தா, தனக்குச் சொல்லாமல் மறைத்ததை நினைத்தா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதையெல்லாம் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். "போனா டாக்டர் ரெஸ்ட் எடுன்னு சொல்லுவாரு. நான் ரெஸ்ட் எடுத்தா டேபிள்ல வேற ஆளு நிப்பான். ஒரு தடவ நின்னுட்டான்னா அவ்வளவுதான். இடது கையால ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்?"

"கரண்டுக் கத்தியவா?"

அவர் இடது கையால் ரிமோட்டைத் தேடினார். இடது ஆள்காட்டி விரலில் தழும்பு இருந்தது. மதினியிடம் வலது கையில் வெட்டு என்று சொல்லியிருந்தார், ஆனால் கத்தி வெட்டியது இந்த விரலைத்தான், அதுவும் எப்போதோ ஆறியிருந்தது. நான் மதினிக்கு அதைத் தொட்டுக் காட்டினேன். மதினி அந்த விரலைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் பீரோவிலிருந்து ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்து வந்து பையில் போட்டாள். அதோடு பிடிவாதம் முடிந்தது.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் நம்பருக்காக உட்கார்ந்தோம். மராட்டிக்காரப் பெண் டாக்டர், என் மகள் வயது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். அண்ணன் "தீன் சார் மஹினா" என்றார். மூன்று நான்கு மாதமாம். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மதினி இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். நான் ஒரு விரலைக் காட்டி, வருஷத்துக்கு மேலே என்று உதட்டை மட்டும் அசைத்தேன். டாக்டர் எங்களையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். "பெரியவரே, உங்கள் வாய் ஒன்று சொல்கிறது, உங்கள் பின்னால் நிற்பவர்கள் வேறு சொல்கிறார்கள். நான் கையையே கேட்டுக்கொள்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடியில் இடது கை பதினெட்டு தடவை மூடித் திறந்தது. வலது கை ஆறு தடவை. ஆறாவது தடவை விரல்கள் முழுக்க விரியவில்லை. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. கழுத்து எலும்புக்குள் நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது. குனிந்தே முப்பது வருஷம் நின்ற கழுத்து. ஆபரேஷன் செய்தால் இதோடு நிற்கும், போனதில் கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. செய்யாவிட்டால் கையும் போகும், காலும் போகும், படுக்கைதான். டாக்டர் சொல்லச் சொல்ல அண்ணன் பெஞ்சின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடையில் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "கைக்கு என்னண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதினான்கு மாதம் முன்னாலேயே இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். முருகனுக்குப் பாலாபிஷேகம் நேர்ந்துகொண்டேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்க அப்போதும் வாய் வரவில்லை.

ஆபரேஷன் நடக்கிற அன்று கல்யாணிலிருந்து அண்ணன் மகள் வந்தாள். வராண்டாவில் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் நின்றாள். நானே போய், "பாப்பா, சித்தப்பா செஞ்சது தப்பு" என்றேன். அவள் மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்து டீ வாங்கி வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தபின் எனக்கும் ஒரு கப் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. நான் வாங்கிக் குடித்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் கழுத்தைச் சுற்றி கெட்டியான பட்டை ஒன்று போட்டுவிட்டார்கள். தலையை எந்தப் பக்கமும் அசைக்கக் கூடாது. இதில்தான் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சரி என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நம்ம ஆட்கள் தலையைத்தான் ஆட்டுவோம். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவரால் இரண்டும் முடியாது. எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். "தண்ணி வேணும்." "ஃபேன் வேண்டாம்." "ஏலே, நீ சாப்பிட்டியா?" பதினான்கு மாதத்தில் பேசாததை நான்கு நாளில் பேசினார்.

ஐந்தாம் நாள் கார்கானா முதலாளி வந்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு பை நிறைய மொசம்பி, நம்ம ஊர் சாத்துக்குடி. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் ஓரமாக உட்கார்ந்தார். சலைன் பாட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அண்ணனை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை நான் என் கண்ணை நம்பி ஒரு முடிவுக்கும் வராமல் சும்மா நின்றேன்.

"ஒடம்பப் பாருங்க மாஸ்டர். வேலை எங்க போயிரப் போவுது?" என்றார் பாய்.

"டேபிள்ல யாரு நிக்கா பாய்?"

பாய் பையிலிருந்து மொசம்பியை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலில் அடுக்கினார்.

"சொல்லிருங்க பாய். என்னால அங்கிட்டுத் திரும்ப முடியாது. ஒங்க மொகம் எனக்குத் தெரியல."

பாய் அடுக்குவதை நிறுத்தினார். "பீகார்க்காரப் பையன் ஒருத்தன். சின்ன வயசுதான், நல்லா வெட்டுதான். ஆர்டர் நிக்குது மாஸ்டர். நான் என்ன செய்ய?"

அண்ணன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். இந்த மேஜைக்காகத்தான் அவர் எல்லோரிடமும் இத்தனை நாள் மறைத்தார்.

"நல்லா வெட்டுனா சரி" என்றார் கடைசியில். "செக்கிங்குக்கு ஆளு இருக்கா?"

"நீங்க வந்தா உண்டு. நீங்க வருவியளோ, மாட்டியளோன்னுதான் கேக்கத் தயங்கினேன்."

"வாரேன். ஆனா செக்கிங் டேபிள ஜன்னல் பக்கமா போடுங்க. ட்யூப் லைட்டுல துணியில உள்ள கறை தெரியாது."

"போட்டுருவோம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பாய் இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்தார்.

சித்திரையிலிருந்து அண்ணன் வேலைக்குப் போகிறார். மேஜை ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரி வலது கையில் நிற்கிறது. பெரிய கத்தரி நிற்பதில்லை. காலையில் சட்டைக்குப் பட்டன் போடப் பத்து நிமிஷம் ஆகிறது. மதினி உதவிக்குப் போனால் சத்தம் போடுகிறார். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் இப்போது கதவைச் சாத்துவதில்லை, "கை எப்படி இருக்குண்ணே?" என்று கேட்கிறேன்.